ஒளியும் நிழலும் கலந்த சாரீரம்

'கியாரோஸ்கூரோ' என்பது இத்தாலிய ஓவியர் வழங்கிய சொல். ஒளியும் நிழலும் என்று பொருள்படும். அந்நாட்டு இசையாசிரியரும் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். மொழிபெயர்ப்பே பிழைப்பாகிய நான் 'ஒளிநிழல்' என்று எழுதிப் பார்த்தேன், நிறைவில்லை. நாம் 'கணீரென்ற சாரீரம்' என்னும்போது ஒரு பாதியையும், 'கனத்த சாரீரம்' என்னும்போது மறு பாதியையும் சொல்லுகிறோம். அவர்கள் வேண்டியதோ இரண்டும் ஒரே கணத்தில் ஒலிப்பது.

குரல் நாண்கள் நன்கு பொருந்தி அதிர்ந்தால் ஒளி பிறக்கும். குரல்வளை சற்றே தாழ்ந்து, அண்ணம் உயர்ந்து, தொண்டை அகன்று நின்றால் ஆழம் பிறக்கும். ஒலிபெருக்கி இல்லாத அரங்குகளில் பல வாத்தியங்களையும் மீறிக் கேட்க வேண்டியிருந்தமையால் இது அலங்காரமன்று, தேவை.

இச்சமநிலை குலைந்தால் என்ன நேரும் என்பதைப் பாரிஸ் நகரம் கண்டது. 1837இல் ரொஸ்ஸீனியின் 'வில்லியம் டெல்' இசைநாடகத்தில் டுப்ரே என்பவர் மேல் ஸ்தாயி 'ஸி' சுரத்தை வழக்கமான மெல்லிய குரலில் பாடாமல், மார்பின் முழு வலுவோடு முழங்கினார். அவை மயங்கியது. அதுவரை அப்பாத்திரம் தாங்கிய நூரி, இத்தாலிக்குச் சென்று புதுமுறை பயின்றார். குரலும் உள்ளமும் நலிந்து 1839இல் நேப்பிள்ஸில் மாண்டார். டுப்ரேயின் குரலும் நெடுநாள் நிலைக்கவில்லை.

இந்நிலையில்தான் மானுவேல் கார்ஸியா என்ற ஆசிரியரின் பணி சிறக்கிறது. இளமையிலேயே தம் குரல் கெட்டு மேடையைத் துறந்தவர் அவர். ஆதலால் பிறர் குரலைக் காக்கும் கவலை அவருக்கு இயல்பாயிற்று. தெளிந்த ஒலி, இருண்ட ஒலி ஆகிய இரண்டிலும் தொண்டை எந்நிலையில் அமைகிறது என்பதை ஆராய்ந்து, 1840இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதினார். மறு ஆண்டு ஜென்னி லிண்ட் என்னும் ஸ்வீடன் நாட்டு இளம் பாடகி அவரிடம் வந்தாள். வயது இருபது, ஓயாது பாடிப் பாடிக் குரல் தேய்ந்திருந்தது. கார்ஸியா உடனே பாடம் தொடங்கவில்லை. ஆறு வாரம் பாடக்கூடாது, பேச்சையும் குறைக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்! எந்தப் பாடகிக்கும் அது கொடுந்தண்டனைதான். அவள் பணிந்தாள்; பின்னர் மாதக்கணக்கில் அடியிலிருந்து கற்றாள். 1842இல் தாயகம் திரும்பி மேடையேறினாள்; 1847இல் லண்டன் மாநகரமே அவள் பாட்டுக்கு அலைமோதியது.

1854இல் கார்ஸியா பல் வைத்தியர் கையாளும் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, கதிரவன் ஒளியைப் பாய்ச்சித் தம் குரல் நாண்களையே கண்டார். மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அதனை விவரித்தார். 1905இல் அவருக்கு நூறு வயது நிறைந்தபோது, அந்தப் பாட்டு வாத்தியாரைப் பாராட்டத் தொண்டை மருத்துவர்கள் திரண்டு வந்தனர்.