லொரெட்டா லின்

லொரெட்டா லின் (14 ஏப்ரல் 1932 – 4 அக்டோபர் 2022) அமெரிக்க கண்ட்ரி இசைப் பாடகர், பாடலாசிரியர். கென்டக்கி மாநிலத்தின் புட்சர் ஹாலோ என்ற மலைச்சிற்றூரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவராகப் பிறந்தார். பதினைந்து வயதில் திருமணம். பிறகு வாஷிங்டன் மாநிலத்தில் குடித்தனம். அங்கே கணவர் வாங்கித் தந்த மலிவான ஹார்மனி கிதாரில் தானே பழகினார். 1960இல் முதல் இசைத்தட்டு வெளிவந்ததும், கணவனும் மனைவியும் காரிலேயே ஊர் ஊராகப் போய் வானொலி நிலையங்களின் கதவைத் தட்டினார்கள். பில்போர்டு கண்ட்ரி பட்டியலில் அது 14ஆம் இடம் பிடித்தது. 1962இல் நாஷ்வில்லின் கண்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரியில் உறுப்பினரானார்.

அவருடைய உண்மையான சாதனை பாட்டின் பொருளில்தான் இருக்கிறது. குடித்துவிட்டு வரும் கணவன், ஓயாத பிள்ளைப்பேறு என்று வீட்டுக்குள் பெண்கள் விழுங்கிய கோபத்தை ஒளிவுமறைவின்றிப் பாடினார். கருத்தடை மாத்திரையைப் பற்றிய 'தி பில்' (1975) பாடலைப் பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அப்படியும் கண்ட்ரி பட்டியலில் முதல் ஐந்துக்குள் வந்தது. அந்தத் துணிச்சலுக்கு ஈடாக அக்காலக் கண்ட்ரி இசையில் அதிகம் இல்லை.

1972இல் கண்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைப் பெற்ற முதல் பெண் இவரே. தன்வரலாறு 1976இல் வெளிவந்தது. அதையொட்டிய 1980ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் லின்னாக நடித்த சிசி ஸ்பேசெக் ஆஸ்கர் வென்றார். எழுபது வயதைக் கடந்தபின் ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட் தயாரிப்பில் வெளியிட்ட 'வான் லியர் ரோஸ்' (2004) இசைத்தொகுப்பு இரண்டு கிராமி விருதுகளைப் பெற்றது.