இசை ஆசிரியர் பணி (கர்நாடக இசை)

கர்நாடக இசையில் வாய்ப்பாட்டையோ வீணை, வயலின், மிருதங்கம் போன்ற கருவிகளையோ முறைப்படி கற்றுக்கொடுப்பவர் இசை ஆசிரியர். பேச்சுவழக்கில் பாட்டு வாத்தியார், பாட்டு டீச்சர். கச்சேரிக் கலைஞர்களில் பலர் மாணவர்களுக்குப் பாடமும் எடுப்பார்கள். கச்சேரி மேடை ஏறாமல் கற்பித்தலையே தொழிலாகக் கொண்டோரும் உண்டு.

வரலாறு

முன்பு இசை பயில்வதற்குக் குருகுலவாசமே முதன்மையான வழியாக இருந்தது. மாணவர் குருவின் வீட்டில் தங்கி, அங்குள்ள வேலைகளைச் செய்து, பாடங்களைக் கேட்டே மனப்பாடம் செய்தார். 1929இல் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலை செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார். சென்னை மியூசிக் அகாடமி 1931இல் இசை ஆசிரியர்களுக்கென்றே ஒரு கல்லூரியை நிறுவியது. டைகர் வரதாச்சாரியார் அதன் முதல்வரானார். 1949இல் சென்னையில் தொடங்கிய அரசு இசைக் கல்லூரிக்கு முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக அமர்ந்தார். இக்கல்லூரிகள் வந்தபின் குருவின் பெயரோடு சான்றிதழும் ஆசிரியரின் தகுதியாயிற்று.

கற்பிக்கும் முறை

புரந்தரதாசர் வகுத்ததாகக் கூறப்படும் வரிசையே இன்றும் அடிப்படை: சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம். அதன் பின்னர் ஸ்வரஜதி, வர்ணம், கிருதி. தொடக்கப் பாடங்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் அமையும். ‘ஸ ரி க ம’, ‘ப த நி ஸ’ என்ற இரு பாதிகளிலும் ஸ்வர இடைவெளிகள் ஒன்றுபோல் இருப்பதால் இது தொடக்க மாணவருக்குப் பிடிபடும்.

சரளி வரிசை ஆதி தாளத்தில் பாடப்படும். ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் இருமுறை என மொத்தம் எட்டு அட்சரம். அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம் முதல் காலம்; இரண்டு, நான்கு என்று பெருகினால் இரண்டாம், மூன்றாம் காலம். அவசரப்படும் மாணவரை முதல் காலத்திலேயே நிறுத்திவைப்பது ஆசிரியரின் பொறுப்பு.

சுருதி மற்றொரு சிக்கல். சுருதியின் அளவைக் கட்டை என்பார்கள்; பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள். ஆண்கள் ஒன்று, ஒன்றரையில். பருவ வயதில் குரல் உடையும் சிறுவர்களுக்குக் கட்டையை மாற்ற வேண்டிவரும். அதனால் குழு வகுப்பில் அவர்களைச் சேர்த்துப் பாடவைப்பது கடினம்.

பயிற்சி

தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இயங்குகின்றன. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம் முதலியன மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பாக உள்ளன. 2013இல் சென்னையில் இசை, கவின்கலைகளுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் உருவானது.

வேலைவாய்ப்பு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இசை ஆசிரியர், ஓவியம், தையல், உடற்கல்வி ஆசிரியர்களைப் போலச் சிறப்பாசிரியர் பிரிவில் வருகிறார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இசை கட்டாயப் பாடம் அன்று, பணியிடங்களும் குறைவு. ஆகவே பலருக்கு வீட்டு வகுப்பு, தனியார் பள்ளி, வெளிநாட்டு மாணவர்களுக்கான இணையவழி வகுப்பு ஆகியவையே வருமானம். இலங்கையில் நிலை வேறு. அங்கு கர்நாடக சங்கீதம் சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளுக்குரிய பாடம். இப்பாடத்தைக் கற்பிக்கப் பள்ளிகளுக்கு ஆசிரியர் தேவைப்படுகிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இசை பயின்ற பட்டதாரிகளுக்குப் பள்ளி ஆசிரியப் பணி இயல்பான தொழில்வழியாக உள்ளது.