கொடுந்தமிழ் நிலத்தில் நின்று இலக்கணம் வாசித்தல்

தோழர்களே, தலித் இலக்கியம் பேசும் அவையில் பழைய இலக்கண நூல்களுக்கு என்ன வேலை என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். யாருடைய பேச்சு மொழி, யாருடைய பேச்சு கொச்சை, யாரைப் பாடலாம், எத்தனை பாட்டுப் பாடலாம் என்று விதித்தவை அந்நூல்களே. அவற்றைப் பண்டிதர்களிடம் விட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

காஞ்சிபுரத்தை அடுத்து, வேகவதி ஆற்றங்கரையில் உள்ளது திருப்பருத்திக்குன்றம். பட்டுக்காகவும் கோயில்களுக்காகவும் காஞ்சிக்கு வருவோரில் பலர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. சமணர்களுக்கு இது சினகாஞ்சி. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387இல் கட்டியவர் விசயநகரப் படைத்தலைவர் இருகப்பர். அவருடைய ஆசிரியர் புட்பசேன முனிவர். மேருமந்தர புராணம் பாடிய வாமன முனிவரும் இவ்வூரோடு சேர்த்து நினைக்கப்படுகிறவர். நீலகேசிக்குச் சமயதிவாகரம் என்னும் உரையை எழுதியவரும் அவரே.

நீலகேசியின் தலைவி பழையனூர்ச் சுடுகாட்டுப் பேய். சுடுகாட்டிலிருந்து புறப்பட்ட ஒரு பெண் ஊர் ஊராகச் சென்று வாதிடுகிறாள். வேதவாதியிடம் வேதத்தின் அதிகாரத்தையே கேள்வி கேட்கிறாள். குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. அதன் பாடல் தொடக்கங்கள் பல, அதை மறுக்க எழுந்த நூலின் உரையில்தான் தப்பிப் பிழைத்தன. எதிர்த்தரப்பின் சொல்லை அழிக்காமல் எடுத்துக்காட்டி வாதிட்ட மரபு அது.

இலக்கணத்திலும் சமணரின் பங்கு பெரிது. யாப்பருங்கலக் காரிகை, நேமிநாதம், நன்னூல் மூன்றும் சமணர் செய்தவை. வீரசோழியம் செய்த புத்தமித்திரர் பௌத்தர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், பழைய நூல்களையும் நிகண்டுகளையும் துணைக்கொண்டே சாதியற்ற பௌத்த வரலாற்றை எழுதினார்.

ஆனால் சமணர் செய்த நூல் என்பதாலேயே அது நமக்கு நட்பாகிவிடாது. நேமிநாதம் செய்த குணவீர பண்டிதரே வெண்பாப் பாட்டியலும் செய்தார். பாட்டியல் என்பது சிற்றிலக்கிய வகைகளுக்கு விதி கூறும் இலக்கணம். இத்தகைய நூல்கள் எழுத்துக்கும் பாவுக்கும் வருணம் பிரித்தன. வெண்பா அந்தணர்க்கு, ஆசிரியம் அரசர்க்கு, கலி வணிகர்க்கு, வஞ்சி நான்காம் வருணத்தார்க்கு. கலம்பகம் பாடினால் தேவர்க்கு 100 பாட்டு, அரசர்க்கு 90, அமைச்சர்க்கு 70, வணிகர்க்கு 50, வேளாளர்க்கு 30. வேளாளரோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நிறுத்தப்பட்டோர்க்கு ஒரு பாட்டுக்கூட ஒதுக்கப்படவில்லை.

பவணந்தியின் நன்னூலையும் இப்படித்தான் கூர்ந்து வாசிக்க வேண்டும். நல்லாசிரியரின் தகுதிகளை அடுக்கும்போது அது குலத்தை முதலில் வைக்கிறது. பாடம் கேட்கத் தக்கவர் வரிசையில் ஆசிரியரின் மகனும் மன்னன் மகனும் பொருள் மிகக் கொடுப்பவனும் வருகிறார்கள். அதே வரிசையில் சொன்னதை விரைந்து பற்றிக்கொள்பவனும் இருக்கிறான். பாடம் சொல்லக் கூடாதவர் பட்டியலில் கள்ளுண்பவன், சோம்பேறி, கள்வன் என்று பலர் உண்டு. எந்தச் சாதியின் பெயரும் இல்லை. கதவைச் சாத்தியவர்கள் நன்னூலின் இந்தப் பட்டியலைச் சான்று காட்ட முடியாது.

வழக்குகளைப் பேசும்போது நன்னூல் குழூஉக்குறி என்று ஒன்றைச் சொல்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் அதற்கு உரைகாரர் காட்டும் சான்றுகள். உழைப்பவர்கள் தமக்குள் ஆக்கிக்கொண்ட சொற்களை இலக்கணம் இங்கே வழக்கு என்று ஏற்றுக்கொண்டது. பிழை என்று தள்ளவில்லை.

நிலத்தையும் பிரித்தார்கள். வையைக்கு வடக்கு, மருதயாற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு: இதுவே செந்தமிழ் நிலம் என்றனர் உரையாசிரியர் பலர். அதைச் சூழ்ந்த பன்னிரண்டும் கொடுந்தமிழ் நாடுகள். தாயைத் 'தள்ளை' என்ற குட்டநாட்டார் பேச்சு திசைச்சொல் ஆனது. இந்த எல்லையை வைத்துப் பார்த்தால் காஞ்சியும் திருப்பருத்திக்குன்றமும் செந்தமிழ் நிலத்துக்கு வெளியே நிற்கின்றன. இலக்கியமும் உரையும் வளர்ந்த ஊரே கொடுந்தமிழ் நாட்டில்தான் இருந்திருக்கிறது. செந்தமிழ் என்பது மொழியின் இயற்கைக் குணம் அன்று, யாரோ போட்ட எல்லைக்கோடு என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

1992இல் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தபோது அதன் மொழி இலக்கியத்துக்கு ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. தன்வரலாறு பாட்டியல் வகுத்த வகை அன்று. சேரியின் பேச்சும் செந்தமிழ் எல்லைக்குள் அடங்குவதன்று. இரண்டு வேலிகளையும் அந்த நூல் ஒருசேரத் தாண்டியது. இன்று அது பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது.

நம் பிள்ளைகள் வகுப்பில் திசைச்சொல்லையும் குழூஉக்குறியையும் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். வீட்டில் தாத்தாவும் பாட்டியும் பேசும் சொற்களை அதே தலைப்புகளின் கீழ் எழுதிவர அவர்களைப் பழக்குவோம். பறையடிப்பவர், தோல் பதனிடுபவர், நாற்று நடுபவர், தறி நெய்பவர் ஆகியோரின் தொழிற்சொற்களைத் திரட்டுவோம். பாட்டியல் ஒதுக்காத இடத்தில் நம் கணக்கை நாமே எழுதத் தொடங்குவோம்.