பூனைத் தெள்ளும் முந்நூறு வருடச் சண்டையும்

பூனை வளர்க்கும் வீடுகளில் ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். பூனை ஓயாமல் சொறிந்துகொண்டே இருக்கும். பிடித்து முடியை விலக்கிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று விறுவிறுவென்று ஓடும். கடையில் ஒரு பவுடர் வாங்கி வந்து தூவுவார்கள். நாலு நாள் நிம்மதி. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே சொறிதல். இந்த முறை வீட்டில் இருப்பவர்களின் கணுக்காலிலும் வரிசையாகச் சிவப்புத் தடிப்புகள். போலிப் பவுடரைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரருக்குத் திட்டு விழும்.

பாவம் கடைக்காரர். பவுடர் தன் வேலையைச் செய்திருக்கும். தூவிய இடம்தான் போதாது. பூனையின் மேல் இருக்கும் தெள்ளு, அந்த வீட்டில் இருக்கும் தெள்ளுக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதி மட்டுமே. முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் வளர்ந்த பூச்சிகள் சுமார் 5 சதவீதம்தான் என்று கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். மீதி 95 சதவீதமும் தரையில், பாயில், சோபாவின் இடுக்கில் இருக்கிறது. இந்த உண்மையின் அடிப்படை 1690களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதை வைத்து ஒழுங்காகச் சண்டை போட மனிதர்களுக்குக் கிட்டத்தட்ட முந்நூறு வருடம் பிடித்தது!

தெள்ளு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் சொன்ன பதில், அழுகிய பொருளிலிருந்தும் காய்ந்த சாணத்திலிருந்தும் தானாகவே பிறக்கிறது என்பது. சுமார் இரண்டாயிரம் வருடம் ஐரோப்பா இதை நம்பியது. 1665-ல் லண்டனில் ராபர்ட் ஹூக் 'மைக்ரோகிராஃபியா' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்து வரைந்த தெள்ளின் படம், மடித்து வைத்த தாளில், விரித்தால் ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம். கவசம் போட்ட போர்வீரன் மாதிரி இருந்த அந்தப் பூச்சியைப் பார்த்து ஊரே அசந்துபோனது. ஆனால் ஹூக் காட்டியது உருவத்தை மட்டும்தான். அது எப்படிப் பிறக்கிறது என்பதைக் காட்டியவர் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆன்டனி வான் லீவன்ஹூக். அவர் 1690களில் தெள்ளு முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து, புழு வளர்வதையும், அது கூடு கட்டுவதையும், கூட்டிலிருந்து பூச்சி வெளிவருவதையும் வரிசையாகப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். 1699-ல் இத்தாலியைச் சேர்ந்த செஸ்டோனியும் இதையே எழுதினார். ஆக, தூசியில் தானாகப் பிறப்பதில்லை, முட்டையிலிருந்துதான் பிறக்கிறது, அந்த முட்டை தூசிக்குள் கிடக்கிறது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு யாராவது தரையைக் கவனித்தார்களா என்றால், இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகள் கழுத்தில் தெள்ளுப்பொறி மாட்டிக்கொண்டார்கள். தந்தத்தில் செய்த சின்னக் குழாய், பக்கமெல்லாம் துளை, உள்ளே தேன் போல ஒட்டும் பொருள் தடவிய குச்சி. இதில் எத்தனை தெள்ளு மாட்டியிருக்கும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். பிறகு தெள்ளு சர்க்கஸ் வந்தது. தெள்ளு என்பது ஒரு வேடிக்கைப் பொருளாக இருந்த காலம் அது.

பூனைத் தெள்ளுக்குத் தனி அறிவியல் விவரிப்பு கிடைத்தது 1835-ல், ஜெர்மானியரான பூஷே மூலம். பெயரில் பூனை இருந்தாலும் அது நாயையும் விடாது, மனிதரையும் விடாது. நம் வீட்டுப் பிராணிகளின் மேல் உலகம் முழுவதும் அதிகமாகக் காணப்படுவது இந்த இனம்தான்.

முதன்முதலில் உண்மையாகவே வேலை செய்த மருந்து ஒரு பூவிலிருந்து வந்தது. காக்கசஸ் மலைப் பகுதியில் சாமந்தி இனத்துப் பூ ஒன்றைக் காயவைத்து அரைத்துப் பூச்சிக்குத் தூவும் வழக்கம் இருந்தது. டிஃப்லிஸ் நகரத்தில் இதைப் பார்த்த யோஹான் சாக்கெர்ல் என்பவர் அந்தப் பொடியை வியன்னாவுக்குக் கொண்டுவந்து பெரிய வியாபாரமாக்கினார். மசூதி போன்ற தோற்றத்தில் கட்டிய அவர்களுடைய தொழிற்சாலை இன்றும் வியன்னாவில் நிற்கிறது. பின்னால் டால்மேஷியா கடற்கரையில் விளைந்த வெள்ளைப் பூ இன்னும் வீரியமானது என்று தெரிந்தது. அதுதான் பைரித்ரம். 1890-ல் ஜப்பானில் இதே பூவை வைத்துத்தான் கொசுவத்தி செய்தார்கள். நம் வீடுகளில் புகையும் கொசுவத்திச் சுருளுக்கு மூதாதை இதுவே. பைரித்ரம் பட்டவுடன் தெள்ளு சுருண்டு விழும். ஆனால் வெளிச்சம் பட்டால் மருந்தின் வீரியம் சீக்கிரம் போய்விடும். கூட்டுக்குள் இருப்பதை அது தொடவே தொடாது.

தெள்ளை எல்லோரும் பயத்தோடு பார்க்கத் தொடங்கியது பிளேக் காலத்தில். 1896-ல் பம்பாயில் பிளேக் வெடித்தது. எலி சாகிறது, பிறகு மனிதன் சாகிறான், நடுவில் இருப்பது யார் என்று தெரியவில்லை. 1898 ஜூன் மாதம் கராச்சியில் தங்கியிருந்த பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் ஒரு சோதனை செய்தார். பிளேக் வந்த எலியை ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டார். தெள்ளு போதுமான அளவு இருக்க வேண்டுமே! அவர் தங்கியிருந்த ஓட்டலில் சுற்றித் திரிந்த ஒரு பூனையைப் பிடித்து, அதன் மேலிருந்த தெள்ளுகளை எடுத்து அந்த எலியின் மேல் விட்டார். எலி சாகும் தறுவாயில், ஆரோக்கியமான இன்னொரு எலியை ஒரு கம்பிக் கூண்டில் வைத்து உள்ளே இறக்கினார். இரண்டும் ஒன்றையொன்று தொட முடியாது, ஆனால் தெள்ளு தாண்ட முடியும். சில நாட்களில் இரண்டாவது எலியும் பிளேக்கில் இறந்தது.

சிமோனைப் பல வருடம் யாரும் நம்பவில்லை. 1905-க்குப் பிறகு பம்பாயில் வேலை செய்த பிளேக் ஆராய்ச்சிக் குழுதான் அவர் சொன்னதை உறுதி செய்தது. அவர்கள் செய்த சோதனை நம் கதைக்கு முக்கியமானது. பிளேக் பரவிய இடத்தில் கினிப் பன்றிகளைக் கூண்டில் வைத்தார்கள். தரையை ஒட்டி வைத்த கூண்டில் இருந்தவற்றுக்கு நோய் வந்தது. இரண்டடி உயரத்தில் தொங்கவிட்ட கூண்டில் இருந்தவை பிழைத்தன. தெள்ளு அவ்வளவு உயரம் தாண்டாது. ஆபத்து தரையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? (பிளேக்கை முக்கியமாகப் பரப்புவது எலித் தெள்ளு. பூனைத் தெள்ளு அந்த வேலையில் அவ்வளவு திறமைசாலி இல்லை.) அதே சமயத்தில் இந்தியாவில் பணியாற்றிய ஆன்ட்ரூ புக்கானன் என்ற மருத்துவர், பூனை அதிகம் வளர்க்கும் கிராமங்களில் பிளேக் குறைவு, எனவே எல்லோரும் பூனை வளர்க்க வேண்டும் என்று எழுதினார். பூனைக்கும் பிளேக் வரும் என்பதுதான் அந்த யோசனையில் இருந்த சிக்கல்.

1939-ல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லிக் குணத்தைக் கண்டுபிடித்தார். 1948-ல் நோபல் பரிசும் வந்தது. தரையில் தூவினால் மாதக்கணக்கில் வீரியம் குறையாத மருந்து! தெள்ளின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பூனை தன் உடம்பை நாக்கால் சுத்தம் செய்யும் பிராணி. அதன் முடியில் ஒட்டும் எதுவும் கடைசியில் அதன் வயிற்றுக்குத்தான் போகும். 1950களில் போர்னியோ தீவின் சரவாக் பகுதியில் மலேரியாவை ஒழிக்க டி.டி.டி., டைல்ட்ரின் போன்றவற்றை வீடுகளில் தெளித்தபோது பூனைகள் செத்தன என்றும், எலிகள் பெருகியதால் பதினாலாயிரம் பூனைகளைப் பாராசூட்டில் இறக்கினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. பதினாலாயிரம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. 1960-ல் பிரிட்டிஷ் விமானப்படை இருபது சொச்சம் பூனைகளை இறக்கியதற்குத்தான் பதிவு இருக்கிறது.

பூனைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. நம் கல்லீரலும் நாயின் கல்லீரலும் பல நஞ்சுகளை ஒரு சர்க்கரைப் பொருளோடு இணைத்து வெளியேற்றிவிடும். பூனைக்கு அந்த வேலை சரியாக வராது. அதற்கான மரபணு ஒன்று பூனையில் செயலிழந்து கிடக்கிறது என்று 2000-ல் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லக் காரணம் இதுதான். 1973-ல் இங்கிலாந்தில் மைக்கேல் எலியட் குழுவினர் பைரித்ரத்தின் செயற்கைத் தம்பியான பெர்மெத்ரினை உருவாக்கினார்கள். நாய்க்கு அது நல்ல மருந்து. நாய்க்கு வாங்கிய அதே சொட்டு மருந்தைப் பூனையின் கழுத்தில் விட்டால் சில மணி நேரத்தில் நடுக்கம், வலிப்பு, பல சமயம் மரணம். தெள்ளு ஒரு பூனையைக் கொல்வதற்கு முன்பே, அதன் மேல் அன்பு வைத்தவர் தெரியாமல் கொன்றுவிடுகிறார்.

லீவன்ஹூக் பார்த்ததை மருந்துக் கம்பெனிகள் பயன்படுத்தத் தொடங்கியது 1980களுக்குப் பிறகுதான். அமெரிக்காவில் மைக்கேல் டிரைடன் என்ற கால்நடை மருத்துவர் பூனைகளை வைத்துப் பொறுமையாக எண்ணினார். பெண் தெள்ளு நாளைக்கு 40 முதல் 50 முட்டை வரை இடுகிறது. முட்டையில் பசை இல்லை, அதனால் பூனை நடக்கும் இடமெல்லாம் உதிர்கிறது. கூடவே தெள்ளின் எச்சமும் உதிர்கிறது. அது காய்ந்த ரத்தம், புழுவுக்கு அதுதான் சாப்பாடு. புழு வெளிச்சத்தைக் கண்டு ஓடி கார்பெட்டின் அடியில் ஒளியும். பிறகு கட்டும் கூட்டின் மேல் தூசி ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கே தெரியாது. கூட்டுக்குள் இருக்கும் பூச்சி மாதக்கணக்கில் காத்திருந்து, அதிர்வும் சூடும் மூச்சுக்காற்றும் பட்டவுடன் வெளியே குதிக்கும். ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் கூட்டமாகத் தெள்ளு பாய்வது இதனால்தான். பூட்டி வைத்தால் பட்டினியில் சாகும் என்பது தப்புக் கணக்கு.

1990களின் நடுவில் புது மருந்துகள் வந்தன. லூஃபெனுரான் வளர்ந்த தெள்ளைக் கொல்லாது, அதன் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை வராமல் செய்யும். ஃபிப்ரோனிலும் இமிடாகுளோபிரிட்டும் மாதம் ஒரு சொட்டு. பூனையே நடமாடும் பொறியாகிவிட்டது: கூட்டிலிருந்து வரும் புதுத் தெள்ளு பூனையின் மேல் ஏறி, முட்டையிடும் முன்பே செத்துவிடும். கூடுகள் காலியாக எப்படியும் மூன்று மாதமாவது ஆகும். முதல் மாதத்தோடு நிறுத்துபவர்கள்தான் மருந்து பலிக்கவில்லை என்று புலம்புவார்கள். 2007-ல் ஒஹாயோவில் செய்த ஆய்வில், சாதாரண வாக்குவம் கிளீனரே வளர்ந்த தெள்ளுகளில் 96 சதவீதத்தையும், புழு, கூட்டுப்புழு எல்லாவற்றையும் கொன்றது. தூரிகையும் காற்றும் அவற்றின் தோலைச் சிதைத்துவிடுகின்றனவாம்.

மாதச் சொட்டுக்கும் ஒரு விலை இருந்தது. 2020-ல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கில், இங்கிலாந்தின் 20 ஆறுகளிலிருந்து எடுத்த மாதிரிகளில் 98 சதவீதத்தில் ஃபிப்ரோனில் இருந்தது. குளிப்பாட்டும் தண்ணீர், துவைக்கும் படுக்கை, கை கழுவும் தண்ணீர் எல்லாம் சாக்கடை வழியாக ஆற்றில் சேர்கின்றன. 2025-ல் அதே பல்கலைக்கழகத்தார் நீலச் சிட்டுகள் முதலிய பறவைகளின் 103 கூடுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். குஞ்சுகளுக்கு மெத்தையாகப் பறவைகள் பொறுக்கிவந்த நாய், பூனை முடி அதில் இருந்தது. ஒரு கூடு விடாமல் எல்லாவற்றிலும் ஃபிப்ரோனில். மருந்து அதிகம் இருந்த கூடுகளில் பொரியாத முட்டையும் செத்த குஞ்சும் அதிகம்.

அதனால் இப்போது அங்கே சில மருத்துவர்கள், தெள்ளு இருக்கிறதோ இல்லையோ வருடம் முழுக்க மாதச் சொட்டு விடும் பழக்கத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். முதலில் நம்மூர்ப் பேன் சீப்பு போன்ற நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி, உதிர்வதை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டிப் பார்க்க வேண்டும். கறுப்புத் துகள் கரைந்து செம்பழுப்பாகப் பரவினால் அது தெள்ளின் எச்சம், மருந்து தேவை. பரவாமல் கறுப்பாகவே இருந்தால் அது வெறும் மண்.