ஒரு அம்புக்குறியின் கதை

கணினியில் படம் வரைவதைவிட, வரைந்ததில் ஒரு பகுதியை மட்டும் பிடிப்பதுதான் கஷ்டம்! காரின் சக்கரத்துக்கு மட்டும் நிறம் மாற்ற வேண்டும். கிளிக் செய்தால் முழுக் காருமே சிக்குகிறது. ஏன் இப்படி? இதன் பின்னால் அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது.

ஒளிப் பேனா

1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கிய மென்பொருள் 'ஸ்கெட்ச்பேட்'. திரையின் மேல் ஒளிப் பேனாவை வைத்து வரைய வேண்டும். பேனா சற்றுத் தள்ளிப் பட்டாலும், பக்கத்தில் இருக்கும் கோட்டைத்தான் காட்டுகிறார் என்று கணினி புரிந்துகொள்ளும். ஒரு மூல வடிவத்துக்குப் பல பிரதிகள் வைக்கலாம். மூலத்தை மாற்றினால் பிரதிகள் எல்லாம் மாறிவிடும்!

எறும்பு ஊர்வலம்

1984-ல் மெக்கின்டாஷ் கணினியுடன் பில் அட்கின்சன் எழுதிய 'மேக்பெயின்ட்' வந்தது. தேர்ந்தெடுத்த பகுதியைச் சுற்றிப் புள்ளிக்கோடு எறும்பு வரிசை போல ஊரும். ஆனால் அதில் படம் என்பது வெறும் புள்ளிகள். சதுரத்தின் மேல் வட்டம் வரைந்துவிட்டால், வட்டத்தை மட்டும் தனியே நகர்த்த முடியாது.

அதே ஆண்டு வந்த 'மேக்டிரா'வில் ஒவ்வொரு வடிவமும் தனிப் பொருள். பலவற்றை ஒன்றாகக் கட்ட 'குரூப்' கட்டளையும் இருந்தது. மூட்டை கட்டியாயிற்று, உள்ளே இருப்பதை எடுப்பது எப்படி? மூட்டையைப் பிரித்து, திருத்தி, மறுபடி கட்ட வேண்டும். கட்டும்போது ஒரு சின்னத் துண்டு விட்டுப்போனால், பிறகு கார் நகரும், முகப்பு விளக்கு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும்!

பிரிக்காமல் உள்ளே போக

1987-ல் வெளிவந்த அடோபி இல்லஸ்ட்ரேட்டர், அடுத்தடுத்த பதிப்புகளில் இதற்கு வழி கண்டது. கறுப்பு அம்பு முழுக் குழுவையும் பிடிக்கும். வெள்ளை அம்பு உள்ளே இருக்கும் துண்டை, அதன் ஒற்றைப் புள்ளியைக்கூடப் பிடிக்கும். பின்னாளில், இரட்டை கிளிக் செய்தால் குழுவுக்குள் நுழையலாம், மற்றவை மங்கிவிடும் என்ற வசதியும் வந்தது.

2003-ல் தொடங்கிய இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில், கன்ட்ரோல் விசையோடு கிளிக் செய்தால் குழுவின் உறுப்பு கிடைக்கும். ஆல்ட் விசையோடு கிளிக் செய்தால் அடியில் மறைந்திருப்பது கிடைக்கும். ஆனால் சில லினக்ஸ் திரைகளில் ஆல்ட் விசை ஜன்னலை நகர்த்துவதற்கென்று ஒதுக்கப்பட்டிருந்ததால், படத்துக்குப் பதில் ஜன்னலே நகர்ந்த வேடிக்கையும் உண்டு!

வரையும் கருவிகள் எத்தனை வந்தாலும், 'இதைத்தான் சொல்கிறேன்' என்று கணினிக்குப் புரியவைப்பதுதான் முதல் வேலை. அது தவறினால் அடுத்து செய்வதெல்லாம் தவறான பொருளின் மேல்தான் விழும்.