நம்பிக்கையின் சமூக அடிப்படை: யாழ்ப்பாணத்து இளந்தலைமுறை, 1981–1991

வன்முறையின் நடுவே வளரும் இளைஞரின் நம்பிக்கையைத் தனிமனித மனத்தின் இயல்பாகக் கருதி, அவர்தம் உளத்திடத்தை வளர்த்தாற் போதும் எனக் கொள்ளும் போக்கு இன்று வலுப்பெற்றுள்ளது. யாழ்ப்பாணத்தின் ஒரு தசாப்த கால வரலாறு இக்கருத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டியதாக்குகின்றது.

எழுபதுகளில் நடைமுறைக்கு வந்த பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல், கல்வியொன்றையே உயர்வுக்கு வழியாகக் கொண்டிருந்த கீழ் மத்தியதர வர்க்க இளைஞரின் எதிர்காலத்தைச் சுருக்கிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1983 யூலை வன்செயல்களின் பின் சுற்றிவளைப்பும் கைதும் அன்றாட நிகழ்வுகளாயின.

எனினும், இக்காலமே கூட்டுக் கலைமுயற்சியின் காலமாகவும் அமைந்தமை மனங்கொளத்தக்கது. 1985இல் 'மரணத்துள் வாழ்வோம்' 31 கவிஞரின் ஆக்கங்களைத் தாங்கி வெளிவந்தது. அவ்வாண்டிலேயே குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' க. சிதம்பரநாதனின் நெறியாள்கையிற் பல்கலைக்கழக மாணவரால் மேடையேற்றப்பட்டு ஊர்கள்தோறும் சென்றது. 1986இல் பெண்கள் ஆய்வு வட்டம் பத்துப் பெண்களின் கவிதைகளைச் 'சொல்லாத சேதிகள்' எனத் தொகுத்தளித்தது. வீடுகளுள் தனித்தனியே அடைபட்டிருந்த அச்சம் இவற்றின்வழிப் பொது அனுபவமாயிற்று. ஒன்றுகூடி ஒத்திகை பார்த்தலும் தொகுத்தலும் வாதிடுதலும் நம்பிக்கையை உருவாக்கும் உழைப்பாக அமைந்தன எனலாம்.

ஆயின் நம்பிக்கை தன்னளவில் முற்போக்கானதன்று. அதனை ஆயுதத்தின்பாற் திருப்பிய இயக்கங்கள், 1986 முதல் ஒன்றையொன்று அழிக்கலாயின. வினா எழுப்புதலே குற்றமாயிற்று. பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவரும், வன்முறையாற் பாதிக்கப்பட்ட பெண்களுக்கெனப் 'பூரணி' இல்லத்தை உருவாக்க உழைத்தவருமான ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டார். கவிஞர் செல்வி 1991இல் விடுதலைப் புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்டு மீளவேயில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் கவிஞர் சிவரமணி தம் கவிதைகளை எரித்துத் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார்.

இம்மரணத்தைத் தனியொருவரின் மனத்தளர்ச்சி எனக் கூறி அமைதல் வரலாற்றை மறத்தலாகும். பேசவும் மறுத்துரைக்கவும் இருந்த களங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட சூழலிலேயே அது நிகழ்ந்தது. எமது விமர்சன மரபும் இவ்விடத்துக் குறைபாடுடையதே. அவ்விளைஞரின் எழுத்தில் எழுச்சியைத் தேடிய அளவுக்கு அவர்தம் தனிமையை நாம் தேடவில்லை.

ஆகவே, இளைஞரின் நலவாழ்வு குறித்துப் பேசுவோர் அவர்தம் தாங்குதிறனை அளப்பதோடு அமையலாகாது. அவர்கள் அச்சமின்றிக் கூடுதற்கும், ஐயுறுதற்கும், உடன்படாதிருத்தற்குமான களங்களை யார் மூடுகின்றனர் என வினவுதலும் வேண்டும். அவ்வினாவைத் தவிர்க்கும் ஆய்வு, அடிபட்டவரிடமே மருந்துக்கும் பொறுப்பேற்கச் சொல்வதாக முடியும்.