ஃபாயாஸ்

ஸ்பெயினின் கிழக்குக் கரையில் உள்ள வாலென்சியா நகரில் ஆண்டுதோறும் மார்ச் 15 முதல் 19 வரை நடக்கும் தீ விழா. தச்சர்களின் காவலரான புனித சூசையப்பரின் திருநாள் இரவில், வீதிகளில் எழுப்பிய மாபெரும் உருவத் தொகுதிகளைக் கொளுத்துவார்கள்.

குளிர்காலத்தில் விளக்கு மாட்டிய மரத்தண்டுகளை, பகல் நீண்டதும் தச்சர்கள் பட்டறை வாசலில் எரித்ததே தொடக்கம் என்பது ஊர்வழக்கு. 18ஆம் நூற்றாண்டுச் சான்றுகள் காட்டுவதோ கேலியை. ஊர்வாயில் விழுந்தவர்களைப் பொம்மையாக்கித் தெருவில் நிறுத்தி எரித்திருக்கிறார்கள். இந்த விழாவின் உயிர் அந்தக் கேலியில்தான் இருக்கிறது. 1855இல் கவிஞர் ஜோசெப் பெர்னாத் இ பல்தோவி ஒரு தொகுதியின் பொம்மைகளுக்குக் குறும்பான பாட்டுப் புத்தகமே போட்டார். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

நகராட்சிக்கு இந்தக் கேலி கசந்தது. அனுமதிக் கட்டணத்தை ஏற்றியதில் 1886இல் ஒரு தொகுதிகூட எழவில்லை. பிறகு பண்பாட்டுச் சங்கங்கள் பரிசு தரத் தொடங்க, 1901இல் நகராட்சியே பரிசு அறிவித்தது. கட்டணத்தால் முடியாததைப் பரிசு சாதித்தது: உருவங்கள் உயர்ந்தன, அழகு கூடியது, கேலியின் முனை மழுங்கியது. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் வரைபடமும் பாட்டும் தணிக்கைக்குப் போய்த்தான் வந்தன. கைவிடப்பட்டோரின் அன்னை மரியாளுக்கு மலர் சாத்தும் ஊர்வலமும் அதே ஆட்சியில், 1945இல் சேர்ந்தது. தணிக்கை நீங்கிய பின் அரசியல்வாதிகள் மீண்டும் பொம்மையானார்கள்.

இன்று நகரில் ஏறத்தாழ 400 பெருந்தொகுதிகள் எழுகின்றன. ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் தெருக் குழு ஆண்டு முழுவதும் பணம் சேர்க்கிறது. மார்ச் முதல் நாளிலிருந்தே பிற்பகல் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் ‘மஸ்கிளெதா’ வெடிக்கும். இதில் வாணவேடிக்கையின் ஒளிக்கு வேலையில்லை. வெடியொலி தாளம் பிடித்து ஏறி, கடைசியில் தரையே அதிரும். அதை நெஞ்சில் வாங்கத்தான் கூட்டம் காத்து நிற்கிறது.

கடைசி இரவில் முதலில் சிறுவர் தொகுதிகள், பிறகு பெரியவை எரியும். தீயணைப்புப் படையினர் பக்கத்துச் சுவர்களை நனைத்தபடி நிற்பார்கள். மக்கள் வாக்களித்துத் தேர்ந்த பொம்மைக்கு மட்டும் 1934 முதல் தீயிலிருந்து மன்னிப்பு உண்டு. அது அருங்காட்சியகத்துக்குப் போகும்.

2016இல் யுனெஸ்கோ இந்த விழாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. 2020இல் கொரோனாவால் நின்றுபோன விழா, 2021 செப்டம்பரில் நடந்தது. உருவங்கள் செய்யும் பொருளும் மாறியிருக்கிறது: முன்பு இருந்த மரம், மெழுகு, கந்தல், காகித அட்டை ஆகியவற்றின் இடத்தைப் பின்னாளில் தெர்மோகோல் பிடித்துக்கொண்டது. எரியும்போது கரும்புகை மண்டுகிறது. அதனால் கலைஞர் சிலர் மெல்லிய மரப்பட்டிகளுக்கும் அட்டைக்கும் திரும்பி வருகிறார்கள்.